எட்டு போடப் போகிறவர்களுக்கு

நாற்பத்தொரு வயதில்தான் நான் இரு சக்கர வண்டி லைசென்ஸுக்காக எட்டு போடப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கல்லூரிப் பையன்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே திருட்டுத்தனமாக வண்டி ஓட்டியவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. இவர்களுக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவர்களில் பாதிப் பேர் காலை ஊன்றிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டபடி திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் அதே மாதிரி திரும்பினேன். அறுபதில் பறக்க யாருக்கும் தெரியும். நடந்து போகிற வேகத்தில் ஆடாமல் ஓட்டுவதுதான் கஷ்டம். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் அதைத்தான்.

(மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதுதான் அவருடைய பதவிப் பெயர். ஊரில் யாரைக் கேட்டாலும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான்.)

தமிழ்நாட்டில் முதல்முறையாக பைக், ஸ்கூட்டர் அல்லது கார் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டு விதிகளும் நாடு முழுவதற்கும் பொது. மைதானமும் நடைமுறையும் மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஆபீஸ் கொஞ்சம் மாறும்.

எந்த லைசென்ஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விண்ணப்பத்தில் வண்டி வகையைக் கேட்கும் இடத்தில் பலர் யோசிக்காமல் டிக் அடித்துவிடுகிறார்கள். கியர் இல்லாத இரு சக்கர வண்டி, கியர் உள்ள இரு சக்கர வண்டி, இலகு ரக வாகனம் (கார் இதில்தான் வரும்) என்று தனித்தனியாக இருக்கும். ஸ்கூட்டரில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வரும். அப்புறம் ஒருநாள் அவசரத்துக்குத் தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு போனால், அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 5,000 ரூபாய். கியர் வண்டிக்கு எடுத்தவர் ஸ்கூட்டர் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. அதனால் ஒரு மாதம் கூடுதலாகப் பழக வேண்டியிருந்தாலும் கியர் வண்டிக்கே எடுங்கள் என்பது என் கட்சி. காருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று லைசென்ஸில் பிரிவு கிடையாது.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். "பதினாறிலேயே ஸ்கூட்டர் ஓட்டலாமே" என்று வீட்டுக்கு வீடு ஒருவர் சொல்வார். ஓட்டலாம்தான், ஆனால் 50 சி.சி.க்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டியை மட்டும், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. கடையில் இன்று விற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. என்று இருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் மூட்டை ஏற்றும் எக்ஸ்.எல். கூட 100 சி.சி. ஆகிவிட்டது. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டச் சட்டப்படி வண்டி கிடைப்பதே அபூர்வம். பிள்ளை பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளைக்கும் 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

எல்.எல்.ஆர். வாங்குவது

பழகுநர் உரிமம் என்று பலகையில் எழுதியிருக்கும். வாய்க்கு வருவது எல்.எல்.ஆர்.தான். இதற்கு மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில், சாரதி என்ற பகுதிக்குள் போய் விண்ணப்பிக்க வேண்டும். இதே பெயரை ஒட்டிப் போலித் தளங்களும் உலவுகின்றன. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கணினி பழக்கமில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள்.

ஆதார், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பெயரும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அப்போதே சரிபார்த்துவிடுங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது நம் ஊரில் சகஜம். அதற்காகவே அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடல் தகுதி பற்றிப் படிவம் 1 என்று ஒன்று வரும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்ற கேள்வியும் உண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே பார்க்கலாம். தெருவில் இறங்கி 30, 35 தப்படி எண்ணி நடந்து ஒருமுறை நிஜமாகவே சோதித்துப் பாருங்கள். நான் பார்த்தேன். மறுநாளே கண் டாக்டரிடம் போனேன். நாற்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கி இணைக்க வேண்டும்.

மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆர். கட்டணம் ஒரு வண்டி வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் சேரும். பைக்குக்கும் காருக்கும் சேர்த்து ஒரே எல்.எல்.ஆர். எடுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் கணினியில் ஒரு சின்னத் தேர்வு உண்டு. தமிழிலேயே எழுதலாம். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. ஆதார் வழியாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருக்கிறது. கேள்விகளில் பெரும்பகுதி சாலைச் சின்னங்கள். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். வட்டத்துக்குள் இருந்தால் கட்டளை, முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை, செவ்வகத்துக்குள் இருந்தால் தகவல். நில் என்பது எண்கோணம், வழிவிடு என்பது தலைகீழ் முக்கோணம். எல்லாரும் தடுமாறுவது நீல வட்டத்தில்தான். சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே போனால் நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால் ஒரு நிமிடம் கூட நிற்கவே கூடாது.

மற்ற கேள்விகளுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கொடுத்திருக்கும் பதில்களில் எது ரொம்பப் பொறுமையான ஆள் செய்வதோ, பெரும்பாலும் அதுதான் சரி. ஆள் இல்லாத ரயில்வே கிராசிங்கில் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துவிட்டு வேகமாகக் கடப்பது தவறு. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் ரயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் விடை. மலைப் பாதையில் எதிரெதிரே வந்தால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இதை மட்டும் ஊகிக்க முடியாது, மனப்பாடம்தான்.

எல் போர்டு காலம்

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் முடிந்த பிறகுதான் நிரந்தர லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். 'ஆறு மாதம் இருக்கிறதே' என்று ஐந்தாம் மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை தவறினால் மறுபடி எழுந்து நிற்க நாள் வேண்டாமா? முப்பதாம் நாள் தாண்டியதுமே ஸ்லாட் பார்க்கத் தொடங்குங்கள்.

எல்.எல்.ஆர். இருப்பதாலேயே தனியாக ஓட்டிவிட முடியாது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரப் பலகை, எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர் என்று அளவு கூட விதியில் இருக்கிறது. காரில் பழகினால், அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில், அவசரத்துக்கு வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி உட்கார வேண்டும். பைக்கில் சொல்லித்தருகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல் போர்டோடு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். தப்புதான்.

எட்டு

எட்டுக்கு நான் பழகிய விதம் இது. காலி மைதானத்தில் இரண்டு பழைய வாளிகளைப் பதினைந்து தப்படி தூரத்தில் கவிழ்த்து வைத்தேன். ஒரு வாளியை வலமாகச் சுற்றி, நடுவில் வெட்டி, மற்றதை இடமாகச் சுற்ற வேண்டும். அது சுலபமானதும் பத்துத் தப்படிக்கு வாளிகளை நெருக்கினேன். சில இடங்களில் கோடு வரைந்த சிமென்ட் தளம் இருக்கும், சில இடங்களில் வெறும் மண் தரைதான். கேமராவும் சென்சாரும் வைத்த தானியங்கித் தளங்களும் வந்துகொண்டிருக்கின்றன. எதுவாக இருந்தாலும் மண்ணில் பழகியவர் சிமென்ட்டில் சமாளித்துவிடுவார், சிமென்ட்டில் மட்டும் பழகியவர் மண்ணில் திணறுவார்.

முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். நான் முதல் தடவை தவறியதற்கு அதுவே காரணம். வளைவின் நடுவில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன், கைப்பிடி ஆடியது, என்னையறியாமல் இடது கால் தரைக்குப் போய்விட்டது. ஆய்வாளர் கோபப்படவில்லை. "அம்மா, கால் வந்துடுச்சு, அடுத்த வாரம் வாங்க" என்றார், அவ்வளவுதான். எந்த இடத்துக்குப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பாருங்கள். கண் போகிற பக்கம் வண்டியும் போகும்.

அடுத்தது பிரேக். வண்டி வளைந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் சாய்ந்துவிடும். பைக்கில் வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி, கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். பாதி கிளட்ச் கைக்கு வந்துவிட்டால் எட்டு முக்கால்வாசி முடிந்த மாதிரி. ஸ்கூட்டரில் கிளட்ச் கிடையாது. அதனால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இடது பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் கட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டு உருட்டப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். மெதுவாகப் போகிற வண்டிக்கும் இன்ஜினின் இழுப்பு வேண்டும்.

முதல் கியரா இரண்டாவதா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும். முதல் கியரில் சில வண்டிகள் உதறும், இரண்டாவதில் சில வண்டிகள் நின்றுவிடும். எந்த வண்டியில் பழகினீர்களோ அதையே கொண்டுபோனால் இந்தக் கேள்வியே எழாது. மாமா பையனின் புது பைக் பார்க்க நன்றாக இருக்கிறது என்று அன்று காலையில் இரவல் வாங்கிப் போனவர் ஒருவர் என் வரிசையில் இருந்தார். அவருக்கு கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரிவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது.

தேர்வு நாள்

ஸ்லாட்டைத் தளத்திலேயே எடுக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200, இவற்றோடு சேவைக் கட்டணம். எடுத்துப் போக வேண்டியவை: எல்.எல்.ஆர்., விண்ணப்பத்தின் பிரதி, பணம் கட்டிய ரசீது, ஆதார் அசல். வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆர்.சி. புத்தகம், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று இந்த மூன்றும் வண்டியோடு இருக்கட்டும். தேர்வுக்குப் போகிற வழியிலேயும் நீங்கள் எல் போர்டு ஆள்தான் என்பதால், லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் கட்டாயம். செருப்பைவிட ஷூ நல்லது. சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

காத்திருப்பு நீளும். தண்ணீர் பாட்டிலும் ஒரு தொப்பியும் எடுத்துப் போங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றவர் கைக்கும் நிழலில் உட்கார்ந்தவர் கைக்கும் எட்டில் வித்தியாசம் தெரியும். வாசலில் "நான் பார்த்துக்கறேன் சார்" என்று யாராவது வருவார்கள். புரோக்கர் உங்களுக்குப் பதிலாக எட்டு போட முடியாது. எல்லாக் கட்டணமும் இணையத்தில் கட்டியாகிவிட்டது. அவரிடம் கொடுக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கார் தேர்வு பைக்கை விடச் சுருக்கமாக முடிந்துவிடும். டிரைவிங் ஸ்கூல் மூலமாகப் போனால் அவர்களுடைய காரிலேயே நாலைந்து பேரை உட்காரவைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ஓட்டச் சொல்வது வழக்கம். ஆய்வாளர் பக்கத்தில் உட்காருவார். ஏறியதும் சாவியைத் திருப்பாதீர்கள். சீட்டைச் சரிசெய்து, கண்ணாடிகளைத் திருத்தி, பெல்ட் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த அரை நிமிடம் உங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். பிறகு இண்டிகேட்டர், கண்ணாடியில் ஒரு பார்வை, முதல் கியர், இரண்டாவது கியர். ஓரமாக நிறுத்தச் சொல்வார், ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார். ரிவர்ஸில் கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேமராத் திரையை நம்பிப் பழகியவர்கள், திரை இல்லாத ஸ்கூல் காரில் விழிக்கிறார்கள். வண்டி ஒருமுறை ஆஃப் ஆனால் பதற வேண்டாம். பிரேக்கைப் பிடித்து, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பதறிப்போய்க் கிளட்சை விட்டு வண்டியைக் குதிக்கவைப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

கை சைகைகளைக் கேட்பார்கள். இப்போது யாரும் போடுவதில்லை என்பதாலேயே இதில் மாட்டிக்கொள்கிறோம். எல்லாமே வலது கைதான். வலது பக்கம் திரும்ப, உள்ளங்கை முன்னால் தெரியக் கையை நேராக வெளியே நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்பக் கையை நீட்டிக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நிறுத்தப்போகிறோம் என்றால் முழங்கையை மடக்கிக் கையை நிமிர்த்த வேண்டும். பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்லக் கையை நீட்டி முன்னும் பின்னுமாக வீச வேண்டும். கண்ணாடி முன் நின்று நாலு முறை செய்து பார்த்தால் போதும், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதைப் படிக்கும்போது, 'ஆர்.டி.ஓ. தேர்வே இனி கிடையாதாமே' என்ற வாட்ஸ்அப் செய்தி சிலருக்கு நினைவு வரலாம். அது பாதி உண்மை. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் முழுப் பயிற்சி முடித்துத் தேறியவர்களுக்கு விலக்கு தரும் விதி 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த மையங்களுக்கு இடம், பயிற்சித் தடம், பாட நேரம் என்று கடும் நிபந்தனைகள் உண்டு. காருக்கு 29 மணி நேரப் பயிற்சி. நம் தெருமுனை டிரைவிங் ஸ்கூல் தருகிற சான்றிதழ் இந்தக் கணக்கில் வராது.

தவறிப்போனால்

ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். தேர்வுக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். பைக்குக்கும் காருக்கும் சேர்த்துப் போய் ஒன்றில் மட்டும் தவறினால், அந்த ஒன்றுக்கு மட்டும் மறுபடி போனால் போதும். இடையில் எல்.எல்.ஆர். காலாவதி ஆகிவிடாமல் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். காலாவதி ஆனால் புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

அந்த ஏழு நாளும் நான் தினம் காலையில் வாளிகளோடு மைதானத்துக்குப் போனேன். இரண்டாம் முறை எட்டை முடிக்க முதல் தடவையை விட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டேன். பின்னால் நின்ற பையன்கள் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. கால் மட்டும் இறங்கவில்லை.

கார்டு வரும்போது

தேறியதும் கையில் கார்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. முகவரி தப்பாக இருந்தாலோ வீடு பூட்டியிருந்தாலோ ஆபீசுக்கே திரும்பிப் போய்விடும். அதற்குள் ஓட்ட வேண்டியிருந்தால் டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளலாம், போலீஸ் சோதனையில் அது செல்லும். முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை செல்லும். முப்பதுக்கு மேல் ஐம்பதுக்குள் என்றால் பத்து ஆண்டு. ஐம்பதைத் தாண்டி ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு.

உறையைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வண்டி வகை நாலையும் பாருங்கள். இரண்டு வகைக்குத் தேறியிருந்தால் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எல் போர்டைக் கழற்றலாம். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் வெந்நீர்த் துணியால் நனைத்து மெதுவாக உரியுங்கள். நான் ஆசையில் ஒரே இழுப்பாக இழுத்ததில் வண்டியின் பெயின்ட்டும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது.